கொட்டகையில் நின்ற வானின் குளிர்ப்பெட்டி

மாரி தொடங்கியதும் நடமாடும் வைத்திய வான் வண்டியைப் பெரியகல்லாற்றில் ஒரு கொட்டகையில் நிறுத்தினார்கள். அதிலிருந்த மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியைத் தாதி குவெண்டலின் அணைக்கவில்லை.

"நிக்கிற வானுக்கு ஏன் மிஸி எண்ணெய்?" என்றார் சாரதி அல்பேட்.

"பாம்புக்கடி மருந்து பழுதாயிரும்."

வெள்ளம் வந்து பாதையை மூடியது. மீனவர் மத்தேயுவின் மகளைப் பாம்பு கடித்தபோது தாதியும் சாரதியும் தோணியில் கொட்டகைக்குப் போனார்கள். வான் ஒருபக்கம் சரிந்திருந்தது. எண்ணெய்த் தாங்கி வறண்டு, திரி உதிர்ந்து கிடந்தது.

"சரிஞ்சா இந்தப் பெட்டி குளிராதே மிஸி."

அவள் திறந்தாள். மருந்துக் குப்பிகள் சில்லென்றிருந்தன. பின்னேரம் பிள்ளை கஞ்சி கேட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே ஐஸ் போட்ட சர்பத் குடித்தது.

"இனி எண்ணெய் வேணுமா மிஸி?"

"கேக்காதீங்க அல்பேட். ஐஸ எடுங்க."

திரியில்லாத பெட்டியிலிருந்து அவர் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டே இருந்தார்.