மூஞ்சிக்கு நேரா

"கோலுக்கு வலை வாங்கக் காசு இல்லியாம். இவன் மூஞ்சிக்கு மட்டும் இத்தாம்பெரிய பேனரு. இன்னாய்யா நியாயம் இது?"

சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்குப் பக்கத்துக் கோலைக் கைநீட்டிக் காட்டினார். கிழிந்து தொங்கிய வலையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கும்பிட்ட கையோடு, அத்தனை பல்லும் தெரிய அதில் சிரித்துக்கொண்டிருந்தார் டீம் முதலாளி வீரமணி. தலைக்கு மேலே 'விளையாட்டின் விடிவெள்ளியே' என்று எழுதியிருந்தது.

"பொறந்த நாளு வருதோ இன்னாவோ," என்றார் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்த சூசைநாதன். "ரோடு பூரா கட்டி எடம் பத்தல போல."

பாகூர் ஏரிக்கரை டீம் எங்கே ஆடினாலும் இந்த இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே திட்டுவார்கள். கரும்பு வெட்டு நடக்கிற நாளில்கூட சிங்காரவேலு மேட்சை விட்டதில்லை.

மாநில எல்லையில் பிராந்திக் கடை வைத்திருக்கும் வீரமணி டீமை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கோச் வருவார், லைட்டு வரும், பசங்களுக்குப் புது பூட்ஸ் வரும் என்று அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வந்தது ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரை ஃபுட்பால் கிளப் என்ற பேர் போய் வீரமணி எஃப்.சி. என்று பேர் வந்தது. பசங்கள் வாய் பிளந்த பூட்ஸைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். இந்த வருஷம் அவர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை.

இன்றைக்கு மணப்பட்டு டீமோடு கடைசி மேட்ச். தோற்றால் டீமைக் கலைத்துவிடுவேன் என்று வீரமணி சொல்லிவிட்டார்.

"தோக்கணும்னுதான்யா அவன் பாக்குறான். கலைச்சுட்டா செலவு மிச்சம்ல?"

"பண்ணாத செலவுல இன்னாய்யா மிச்சம்?" என்றார் சூசைநாதன்.

விசில் ஊதினார்கள். மணப்பட்டுப் பசங்கள் கடல் மணலில் ஓடிப் பழகின காலோடு பறந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒருவன் விட்ட பந்து கோல் காக்கிற நம்ம கோலியைத் தாண்டிப் போய்ப் பேனரில் 'பொத்'தென்று விழுந்தது.

சிங்காரவேலு எழுந்து நின்று கைதட்டினார்.

"யோவ்! அது நமக்கு வுழுந்த கோலுய்யா!" சூசைநாதன் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"தெரியும்யா. மூக்குல பட்டுச்சு, பாத்தியா? சரியா மூக்குல!"

உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. டீம் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எங்கே போவார்? வீட்டில் பெண்டாட்டி விருத்தாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து சீரியலா பார்ப்பார்?

பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினார்கள். இப்போது வீரமணியின் மூஞ்சி நம்ம பசங்களுக்கு நேராக வந்தது.

கேப்டன் தமிழ்க்குமரன் பேனரை ஒரு தடவை முறைத்துப் பார்த்தான். பந்து காலுக்கு வந்ததும் தூரத்திலிருந்தே விட்டான் ஓர் உதை. கோல். முன்பல்லில் பட்டது.

அதற்கப்புறம் ஆட்டமே வேறு. பந்துக்கு அடித்துக்கொண்டார்கள். வருஷம் பூரா நடந்தே ஆடின பையன்கூட ஓடினான். இரண்டாவது கோல் நெற்றியில். மூன்றாவது கோல் விழுந்தபோது பேனரில் ஒரு பக்க மீசையைக் காணோம். நம்ம கோலி தன் இடத்தை விட்டுவிட்டு, தானும் ஓர் உதை உதைக்க வேண்டும் என்று அந்தக் கோடி வரைக்கும் ஓடி வந்தான்.

மூன்றுக்கு ஒன்று. டீம் பிழைத்தது. சிங்காரவேலு சூசைநாதனைக் கட்டிப் பிடித்ததில் இரண்டு பேரும் வரப்பிலிருந்து சரிந்து வாய்க்காலில் இறங்கினார்கள். ஈர வேட்டியோடு சிங்காரவேலு நேரே மைதானத்து ஓரத்துப் பந்தலுக்குப் போனார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து வீரமணி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மொதலாளி, மூஞ்சி வீங்கலியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீரமணியும் சிரித்தார்.

"பெருசு, அத அங்க ஏன் கட்டுனேன்னு நெனச்ச? பொறந்த நாளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வருஷம் பூரா ஆகாசத்தப் பாத்தே அடிச்சானுங்க. எம்மேல இருக்கிற கோவத்தக் காலுக்கு எறக்குனா போதும், ஜெயிச்சிடலாம்னு தோணிச்சு. டீமு நிக்கணும்னு என் மூஞ்சியவே குடுத்தேன்."

சிங்காரவேலுவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக வாய்க்கு வாய் 'அவன்' என்று சொன்ன ஆளை இப்போது 'அவர்' என்று சொல்லத் தோன்றியது. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் தம்பி. அப்ப பசங்களுக்குப் புது பூட்ஸு?"

"அத வாங்கிக் குடுத்தா கோவம் போயிடாதா, பெருசு?"

அதிலேயும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் அவருக்குப் பட்டது. திரும்பி, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த தமிழ்க்குமரனைக் கூப்பிட்டார்.

"டேய், நம்ம மொதலாளிக்கு எவ்ளோ மனசு பாத்தியாடா! உங்களுக்காக மூஞ்சியவே குடுத்திருக்காரு."

தமிழ்க்குமரன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"மூஞ்சி மட்டுந்தான் பெரியப்பா அவரு குடுத்தது. பேனரு அடிச்ச காச காலைல எங்ககிட்டதான் வசூல் பண்ணாரு."