கை நனைக்காதவர்

"கை நனைக்காமப் போயிட்டான் பாஸ்டர்! கூடப் பொறந்த அண்ணன், என் பொண்ணு கல்யாணத்துல ஒரு வாய் சாப்பிடாமக் கிளம்பிப் போயிட்டான்!"

மருந்துக்கடைக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் பறிபோவது மரியாதைதான். காலையில் "வாங்கண்ணே, வாங்க" என்று மண்டப வாசலில் கட்டிப்பிடித்து அழுததும் இதே வாய்தான்.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. நாற்காலி அடுக்கும் சத்தம் ஒரு பக்கம், அடுப்படியில் அண்டா கழுவும் சத்தம் ஒரு பக்கம். பாவம், போதகர் மட்டும் கிளம்ப முடியாமல் வசமாக மாட்டிக்கொண்டார்.

"விடுங்க. ஏதாவது அவசரமா இருந்திருக்கும்."

"என்ன அவசரம்? பந்தியில உட்கார்ந்த சின்னப் பிள்ளையைக்கூட எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கான். சம்பந்தி கேக்குறாரு, 'உங்களுக்குள்ள என்ன தகராறு?'ன்னு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு!"

அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு பிரித்தபோது முறிந்த உறவு அது. வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பேசியதில்லை. மருந்துக்கடைக்காரரின் மனைவிதான் மனசு கேட்காமல் அண்ணனின் வெல்டிங் பட்டறை வாசலில் போய் நின்று, "நீங்க வந்து நின்னாத்தான் கல்யாணம்" என்று அழைத்துவிட்டு வந்தாள். அவரும் வீம்பு பார்க்கவில்லை. வீட்டு ஆட்களோடு பட்டறை ஆட்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு விடிந்ததுமே வந்துவிட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பந்தி விசாரிக்கப் போய்விட்டார். அப்படிப்பட்ட மனுஷன் இப்படிச் செய்வாரா என்று யாருக்குத்தான் தோன்றாது?

"இத்தனைக்கும் ஆண்டவர் இன்னிக்கு எவ்வளவு பெரிய அற்புதம் செஞ்சிருக்காரு தெரியுமா?" மருந்துக்கடைக்காரரின் குரல் குழைந்தது. "மாப்பிள்ளை வீட்டுல சொன்னது ஒரு கணக்கு, வந்து இறங்கினது வேற கணக்கு. சமையல்காரர் என்னை ஓரமாக் கூப்பிட்டு, 'எல்லாருக்கும் பத்தாதுங்கய்யா'ன்னுட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஸ்டோர் ரூமுக்குள்ள போய் முட்டி போட்டுட்டேன். காலையில நீங்க பிரசங்கம் பண்ணின, திராட்சரசம் தீந்துபோன கானா ஊர்க் கல்யாணத்தைச் சொல்லியே அழுதேன். 'அவங்க மானத்தைக் காப்பாத்தினீரே, என் மானத்தையும் காப்பாத்தும்'னு கேட்டேன். எழுந்து வெளிய வந்து பாத்தா, கடைசிப் பந்தி வயிறாரச் சாப்பிட்டுட்டு இருக்கு. அண்டாவுல மிச்சம் வேற!"

போதகர் முகம் மலர்ந்தது. "அற்புதம்கிறது வேடிக்கை காட்டுறது இல்லைங்க, அது ஒரு அடையாளம். கானாவுல ஆண்டவர் தண்ணியைத் திராட்சரசமாக்கினதைவிடப் பெரிய விஷயம், ஒரு கல்யாண வீடு நாலு பேர் முன்னால தலைகுனியாம நின்னதுதான். 'உன்னையும் கைவிட மாட்டேன்'னு நமக்குக் குடுத்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை கிடைச்ச நாள்ல அண்ணனையும் மன்னிச்சிருங்களேன்."

"மன்னிக்கிறதா? சபையில என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்திருக்கான்!" மருந்துக்கடைக்காரர் கைப்பேசியை எடுத்தார்.

மனைவி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "நல்ல நாளும் அதுவுமா வேண்டாங்க. பொண்ணு இன்னும் மண்டபத்தை விட்டுக்கூடப் போகல. நாளைக்கு ஆற அமரப் பேசிக்கலாம்."

அவர் கையை உதறிவிட்டு அண்ணன் எண்ணை அழுத்தினார்.

"என்னடா?" என்றது அண்ணன் குரல். பின்னால் ஏதோ ஒரு சின்னப் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடாவா? வீடு பிரிச்ச பழியைத் தீர்த்துக்கிட்டே இல்ல? இன்னியோட எல்லாம் முடிஞ்சுது. நான் செத்தாலும் நீ என் வாசப்படியை மிதிக்கக் கூடாது!"

அந்தப் பக்கம் பிள்ளையைத் தட்டிச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது.

"சரிடா," என்றார் அண்ணன். "பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட்டாங்களா?"

"உனக்கென்ன அதைப் பத்தி?"

மருந்துக்கடைக்காரர் பேச்சைத் துண்டித்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவருக்கே அது உறுத்தியது. செத்தாலும் என்ற வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அப்பாவுக்குப் பிறகு தன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவரிடமா அதைச் சொன்னோம் என்று வருந்தினார். ஆனாலும் வீம்பு விடவில்லை.

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி சமையல்காரர் வந்து நின்றார்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் சொல்லிட்டிருந்தேன்," மருந்துக்கடைக்காரர் வலிய வரவழைத்த உற்சாகத்தோடு பேச்சை மாற்றினார். "வர்ற ஞாயிறு ஆராதனையில இந்தச் சாப்பாட்டு அற்புதத்தைச் சாட்சியாச் சொல்லப் போறேன். நீங்களும் வந்து பக்கத்துல நிக்கணும்."

சமையல்காரர் நெளிந்தார். "சாட்சின்னா முழுசாச் சொல்லணும் இல்லீங்களா ஐயா? மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாரு. ஆனா நீங்க போன்ல பேசினது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு, எனக்கு மனசு தாங்கல."

"யாரு போனாரு?"

"உங்க அண்ணன்தாங்க. சாப்பாடு பத்தாதுன்னு தெரிஞ்சதும் உங்களைத் தேடி ஸ்டோர் ரூம் வரைக்கும் போனவரு, போன வேகத்துல திரும்பி வந்து, தன்னோட வந்த சனம் அத்தனையையும் பசியோட எழுப்பி வேன்ல ஏத்திட்டாரு. 'உள்ள என் தம்பி முட்டி போட்டு அழுதுக்கிட்டிருக்கான், ஆண்டவர் குடுத்தாருன்னே அவன் நினைச்சுக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாருங்க."