பூமிக்கு அடியில் ஒரு பாட்டு

“சொன்னா சிரிக்கக் கூடாதுண்ணே. எங்க பாத்ரூம் குழாய்க்குள்ள யாரோ பாடுறாங்க.”

அந்த வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டுக் குழாய்க்காரர் சிரிக்கவில்லை. அடைப்பு எடுக்கும் தொழிலில் அவருக்கு இருபது வருஷம். குழாய்க்குள் பேய் இருக்கிறது என்றவர்களைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் வேண்டுமென்றே தண்ணீரைத் திருப்பி விடுகிறான் என்று சண்டைக்கு நின்றவர்களையும் பார்த்திருக்கிறார். பாட்டு மட்டும் இதுதான் முதல் தடவை.

“பாட்டு கிடக்கட்டும், பின்னாடி தண்ணி நிக்குதே, அதைப் பாருங்க,” என்றார் அவள் கணவர். மதியச் சாப்பாடு முடிந்து, மறுபடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “மழை பேஞ்சா கால் வைக்க முடியல. இவ என்னடான்னா பாட்டு கேக்குதுங்கறா. வீட்டுல ராணி மாதிரி உக்காந்திருந்தா காதுல என்னதான் கேக்காது?”

அவளும் சேர்ந்து சிரித்தாள். கன்னத்தில் குழி விழும் சிரிப்பு. கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் மேகங்கள் மெதுவாக நகர்ந்தன. துணிக் கம்பியிலிருந்து ஒரு சொட்டு விழும்போதெல்லாம் வானம் நெளிந்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

குழாய்க்காரர் பாத்ரூம் வடிகாலின் மூடியைக் கழற்றி, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள நீண்ட ஒயரை உள்ளே விட்டார். அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு சின்னத் திரையைப் பார்த்தாள். வட்டமாக ஒரு சுரங்கம் விரிந்தது. சுவரெல்லாம் ஈரம் மின்ன, துளிகள் ஒவ்வொன்றாக விளக்கை நோக்கி மிதந்து வந்தன.

“நிலாவுக்குப் போற மாதிரி இருக்குண்ணே.”

“நாத்தம் மட்டும் இல்லேன்னா எங்க தொழிலே அப்படித்தாம்மா. ஆமா, பாட்டு எப்ப கேக்கும்?”

“சாயங்காலம் நாலு மணிக்கு மேல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருப்பேன். கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிடும். வார்த்தை புரியாது. ஆம்பளையா பொம்பளையான்னு கூடத் தெரியாது. தண்ணிக்கு அடியில இருந்து யாரோ தாலாட்டுற மாதிரி இருக்கும். அப்படியே சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்குவேன்.”

திரையில் ஒரு பிரிவு வந்தது. “இதோ பாருங்க, ரெண்டு குழாய் சேர்ற இடம். இந்தப் பக்கம் உங்களுது. அந்தப் பக்கம் பின்சந்துல ஏதோ ஒரு வீடு.” ஒயர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. தலைவிரி கோலமாக ஒரு கொத்து வேர் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. “வேர் உள்ள பூந்துடுச்சு. அதான் தண்ணி போகல.”

“அதை எடுத்துட்டா பாட்டு நின்னுடுமா?”

“பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. இந்த ஓட்டைக்குக் கீழ ட்ராப்னு ஒரு வளைவு இருக்கு. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கதவு. நாத்தமும் வராது, சத்தமும் வராது. உங்க வீட்டுல அது விரிசல் விட்டு, தண்ணி ஒழுகிப் போச்சு. அந்த வீட்டுலயும் அப்படித்தான் இருக்கணும். புதுசு மாத்திட்டா எல்லாம் நின்னுடும்.”

அவள் அந்த ஓட்டையையே பார்த்தாள்.

“மாத்தாம விட்டுடுங்களேன்.”

“நாத்தம் வருமேம்மா!”

“அது பழகிடும்ணே,” என்று சிரித்தாள். மறுபடியும் அதே குழி.

அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டார். “அந்த வீட்டையும் பாத்துட்டு வந்துடறேன்,” என்று எழுந்தார்.

கேமரா எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியைத் தரையோரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். சரியான இடத்துக்கு மேலே வந்தால் அது பூச்சி மாதிரி ரீங்காரம் செய்யும், விலகினால் அடங்கிவிடும். பின்கதவைத் தாண்டி, ஈர இலைகள் ஒட்டிக் கிடந்த சந்தில், கண்ணுக்குத் தெரியாத யாரோ விரலைப் பிடித்துக் கூட்டிப் போவதுபோல அந்தச் சத்தம் அவரை இழுத்துப் போனது. ஒரு மரத்தடியில் ரீங்காரம் உச்சத்துக்குப் போனது. பக்கத்திலேயே இருந்த பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கி, வெட்டும் கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றினார். அரை மணி நேரத்தில் வேர்கள் அறுந்து வர, தேங்கியிருந்த தண்ணீர் பெருமூச்சு விட்டதுபோல் கீழே இறங்கியது.

எதிரே இருந்த வீட்டின் குழாய்தான் அங்கே வந்து சேர்ந்தது. கதவைத் தட்டினார். ஐம்பது வயதுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பாத்ரூமைக் காட்டினாள். அவர் நினைத்தது சரி. இங்கேயும் ட்ராப் காய்ந்து கிடந்தது.

பையிலிருந்து புதிய ட்ராப்பை எடுத்தபடியே கேட்டார், “இந்த வீட்டுல யாரு நல்லா பாடுவாங்கக்கா?”

“நல்லாவா? நான்தான் பாடுறேன் தம்பி. ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வாயைத் திறக்க விட்டதில்ல.” சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். “அது எதுக்கு?”

“இதைப் போட்டா சத்தம் தாண்டாதுக்கா.”

“ஐயோ, போட்டுடாதீங்க தம்பி!” அவசரமாக வந்து வடிகாலை மறைத்து நின்றுகொண்டாள். “தினமும் நாலு மணிக்கு மேல இந்தக் குழாய்க்குள்ள ஒரு பொண்ணு விம்மி விம்மி அழறா. எந்த வீடோ, என்ன கஷ்டமோ தெரியல... நான் பாடினா கொஞ்ச நேரத்துல நிறுத்திடறா.”