மூட்டை விழுந்த சத்தம்

ஐந்தாவது தடவை துப்பாக்கி வெடித்ததும் யாரோ மரப்படிகளில் உருண்டு விழுந்தார்கள்.

"டீச்சர், விழுந்தது யாரு?" என்று கேட்டேன்.

"யாருமில்ல, ஒரு மூட்டை" என்றாள் என் மனைவி.

"மூட்டைக்கா அந்தப் பொண்ணு இப்படிக் கதறுது?"

"உள்ள கண்ணாடிச் சாமான் இருந்திருக்கும். பேசாம கேளுங்க."

முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். சொந்தத் தங்கை மகளுக்கே அரை மார்க் கூட்டிப் போடாமல் ஃபெயிலாக்கியவள். எங்கள் வீட்டில் பொய் என்பது என் இலாகா. கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம். உண்மை அவளுக்கு, மற்றதெல்லாம் எனக்கு.

சனிக்கிழமைப் பத்திரிகையில் 'வீட்டில் பார்க்க' என்று ஒரு பத்தி வருகிறதே, அதில் பழைய கௌபாய் படங்களை விமர்சிக்கிறவன் நான்தான். பதினாறு வருஷமாக எழுதுகிறேன். ஒருமுறை, கதாநாயகனைவிட அவன் குதிரை நன்றாக நடித்திருக்கிறது என்று எழுதினேன். குதிரையிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. கையெழுத்து சுமார்தான், ஆனால் கீழே குளம்பு முத்திரை இருந்தது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். கடிதத்தைத்தான் எங்கேயோ வைத்துவிட்டேன்.

போன வருஷம் என் கண்கள் இரண்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டன.

பத்திரிகை ஆபீசுக்கு இது தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று நான்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் திரையைப் பார்த்துச் சொல்வாள், நான் கேட்பேன். பிறகு நான் சொல்வேன், அவள் நோட்டில் எழுதி, போனில் தட்டி அனுப்புவாள்.

ஆரம்பத்தில் எல்லாம் அளந்துதான் சொன்னாள். "தூரத்துல ஏழு குதிரை. ரெண்டு வெள்ளை. மூணாவது ஆளுக்குத் தொப்பி இல்ல." சாவையும் அப்படித்தான். "நெஞ்சுக்கு நாலு விரல் கீழ பட்டிருக்கு. பிழைக்க மாட்டான்."

நாலு மாசத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை யாரும் சாகவில்லை.

அடுத்த வாரமும் சாகவில்லை. தூக்குமேடையில் கயிறு அறுந்தது. ஏன் அறுந்தது என்று கேட்டதற்கு, "தரம் சரியில்ல" என்றாள். நேருக்கு நேர் சுடப்பட்ட ஷெரீப் எழுந்து, சட்டையில் தூசியைத் தட்டிக்கொண்டு, பக்கத்து ஊரில் இரும்புக் கடை வைத்தான். இதோடு பதினேழு படம். ஓர் ஈ, எறும்புகூடச் சாகவில்லை.

நானும் அப்படியே எழுதக் கொடுத்தேன்.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? நேற்று பொறுப்பாசிரியர் போன் செய்தாள். என் மகள் வயசு இருக்கும், நல்ல பெண். டீச்சர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"சார், செத்தவனெல்லாம் உங்க பத்தியில எழுந்து நடமாடுறான். நீங்க படத்தப் பாக்குறீங்களா, இல்லையா? இந்த வாரமும் முடிவு தப்பா வந்துச்சுன்னா பத்திய நிறுத்திருவேன். கோவிச்சுக்காதீங்க."

"சேச்சே, நான் குதிரைகிட்டயே கோவிச்சுக்கிட்டதில்லம்மா" என்றேன். சிரித்தாள். ஆனால் சொன்னதைச் செய்கிற ரகம்.

அந்தப் பத்தி போனால் எனக்கு வியாழனும் இல்லை, சனியும் இல்லை. மிச்சம் ஐந்து நாள். அந்த ஐந்தும் ஒரே இருட்டு நாள்தான்.

படம் முடிந்து இசை வந்தது. அதுவும் நின்றது. டீச்சர் நோட்டைப் பிரித்தாள். பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

இந்தப் படத்தை வாலிப வயசில் நான் இருபது தடவை பார்த்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஏழு தடவைதான் நிஜம். படியில் உருண்டது கதாநாயகன். அவன் சாகிறான். நாலாவது படியில், ஒரு கால் பூட்ஸ் கழன்று கிடக்க, வானத்தைப் பார்த்தபடி சாகிறான். அந்தப் பெண் அழுதுகொண்டே பூட்ஸைத் திரும்ப மாட்டிவிடுகிறாள்.

இது மட்டுமில்லை. பதினேழு படத்தின் முடிவும் எனக்கு மனப்பாடம்.

"ஏங்க, கடைசி வரி என்ன போடட்டும்?"

பரீட்சையில் முதல் தடவையாகக் காப்பியடிக்கிற பிள்ளையின் குரல் அது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "கடைசியில் அவன் பிழைத்துக்கொள்கிறான். ஒரு மூட்டை மட்டும் படியில் உருண்டு விழுகிறது. குடும்பத்தோடு பார்க்கலாம்."

பேனா கொஞ்ச நேரம் ஓடவே இல்லை. பிறகு ஓடியது.

"அனுப்பிட்டேன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "தூசி" என்றாள், நான் கேட்காமலே.

"இருக்கும்" என்றேன்.

யாரும் சாகாத அந்த முதல் வியாழனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியிலிருந்து என் பேருக்கு ஓர் உறை வந்தது. நான்தான் பிரித்தேன். விரலால் எண்ணிப் பார்த்ததில் மூன்று தாள். டீச்சர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் தாள் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன எழுதியிருக்கான்?" என்றேன்.

"ஒண்ணுமில்லையாம்" என்று மூன்று தாளையும் வாசித்து முடித்தாள்.