ஓரெழுத்துக்காரி

“இன்னிக்காவது என் இடத்தை எனக்குக் குடுடி,” என்றாள் பேராசிரியை.

கல்லூரியின் பழைய கம்ப்யூட்டர் அறையை இடிக்கப் போகிறார்கள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, அங்கே முதன்முதலில் படித்த மாணவிகளை அழைத்திருந்தார்கள். தலையில் நரை, கைப்பையில் மாத்திரை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் கால் வைத்ததும் எல்லாருடைய வாய்க்கும் வயது குறைந்துவிட்டது. ஒருத்தி அச்சு இயந்திரத்தின் ஓரத்தில் தொங்கிய துளைக் காகிதத்தைக் கிழித்து, அந்நாளில் செய்ததுபோலவே கையில் வளையலாகச் சுற்றிக்கொண்டாள்.

மாலைக் கூட்டத்தில் பேசப்போகிறவள் பேராசிரியை. என்ன பேசுவாள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஓரெழுத்தின் கதைதான். ஆண்டுதோறும் தன் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்லிச் சொல்லி அவள் பளபளப்பாக்கி வைத்திருந்த கதை.

கம்ப்யூட்டர் ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். மாறி என்பார்கள். சமையலறை டப்பாவில் சீட்டு ஒட்டுவது மாதிரிதான். பெயரைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிய வேண்டும். அந்தக் கலையில் பேராசிரியை அன்றே கெட்டிக்காரி. மொத்த மழையளவு என்றால் ‘டோட்டல்ரெயின்ஃபால்’ என்று ஓர் எழுத்தைக்கூட விடாமல் அடிப்பாள். பரிசும் அவளுக்குத்தான்.

மூலையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி வைத்த பெயர்கள் ஏ, பி, சி. எந்தக் கணக்கானாலும் ஏ, பி, சி.

“நாளைக்குப் பிள்ளை பெத்தா அதுக்கும் பி-ன்னுதான் பேர் வைப்பியா?” என்று விரிவுரையாளர் கேட்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவள் ஓரெழுத்து. தாள்தோறும் மதிப்பெண் வெட்டுப்பட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலை அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு பள்ளியில் நூலகர். மூக்கின்மேல் தடித்த கண்ணாடியோடு இன்று அவளும் வந்திருந்தாள்.

பேராசிரியைக்கு அவள்மேல் இன்னொரு கோபமும் உண்டு. முதல் நாள் ஒட்டிய பட்டியலின்படி அந்த ஜன்னலோர இடம் பேராசிரியையுடையது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டு வந்து பார்த்தால், அங்கே ஓரெழுத்து சட்டமாக உட்கார்ந்திருந்தாள். இங்கே காற்று வருகிறது, நீ என் இடத்தை எடுத்துக்கொள் என்று சொன்னவள், கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

தெருவை வேடிக்கை பார்க்க இடத்தைப் பிடுங்கினாள், வேடிக்கை பார்த்த நேரம் போக மிச்சத்தில் ஏ, பி, சி என்று தட்டினாள் என்பதுதான் பேராசிரியை சொல்லும் கதையின் உச்சம். சோம்பேறித்தனம் ஒருத்தியின் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள் என்று முடிப்பாள்.

ஓரெழுத்து ஒருநாளும் மறுத்ததில்லை.

தோழிகளின் பேச்சு விரிவுரையாளர் பக்கம் திரும்பியது. மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்ததே கிடையாது. அச்சிட்ட தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உட்கார்ந்தபடியே திருத்துவார். முதல் நாளே அவர் போட்ட சட்டம் எல்லாருக்கும் மனப்பாடம்.

“எத்தனை மெஷினோ அத்தனை பேர்தான். மெஷின் படுத்துட்டா, பட்டியல்ல அதுக்கு நேரா யார் பேர் இருக்கோ அவங்க மூட்டையைக் கட்டிக்கிட்டுத் தாவரவியலுக்குப் போகலாம்,” என்று ஒருத்தி அவர் குரலிலேயே பேசிக் காட்ட, மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பேராசிரியை மூலைக்குப் போனாள். அதே மேசை, அதே கம்ப்யூட்டர், மேலே அதே துணி உறை.

“வேணாம்டி, ஒரே தூசி. வா, டீ ஆறிடப் போகுது,” என்று ஓரெழுத்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பவும் விடல, இப்பவும் விடமாட்டியா?”

உட்கார்ந்தேவிட்டாள். உறையை உருவினாள். பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டு விழித்தது. திரையில் பச்சை வெளிச்சம் கசிந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

பரிசு வாங்கிய நிரலின் முதல் வரியை அவள் விரல்கள் மறக்கவில்லை. டோட்டல்ரெயின்ஃபால் என்று அடித்தாள்.

திரையில் ‘டோட்’ மட்டும் தெரிந்தது. மிச்சமெல்லாம் இருட்டு. இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தவிர, திரை முழுக்கக் கரி பூசினதுபோல் கிடந்தது.

“பாவம், இதுக்கும் வயசாயிடுச்சு,” என்றாள் பேராசிரியை.

யோசிக்காமல், பார்க்கக்கூடச் செய்யாமல், ஓரெழுத்தின் கை நீண்டு திரையின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் தேடிப்போய் ஓங்கித் தட்டியது. இருட்டிலிருந்து இன்னும் இரண்டு எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

தட்டிய பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

“அப்பவே இப்படித்தான் இருந்ததா?” பேராசிரியையின் குரல் இறங்கிவிட்டது.

“ஏ, பி, சி-ன்னா வெளிச்சத்துக்குள்ளயே அடங்கிடும்,” என்றாள் ஓரெழுத்து.

“ஏண்டி, முதல் நாளே சார்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?”

ஓரெழுத்து கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லியிருப்பேன். ஆனா பட்டியல்ல இந்த மெஷினுக்கு நேரா உன் பேர்தானே இருந்துச்சு? நீ காய்ச்சல்ல கிடந்தே.”