இரண்டும் இரண்டும்

2 + 2 = 8 என்று பலகையில் எழுதிவிட்டு தஸ்லிமா திரும்பி நின்றாள்.

மூன்றாம் வகுப்பே சிரித்தது.

ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு ஏறாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பியோடு உட்காரவைத்துவிடலாம் என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார். மணியடித்ததும் அழைத்துப்போக வருவார்.

ஆசிரியை நான்கு விரல்களை நீட்டினாள். "எத்தனை?"

"சார்."

"மிஸ், உங்களப் போயி சாருங்கறா" என்றாள் முன்பெஞ்சு நித்திலா.

மறுபடியும் சிரிப்பு.

தஸ்லிமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் விரல்களைத் தானே தொட்டு எண்ணினாள்.

"எக். துய். தீன். சார்."

அவள் சொன்ன 'சார்' நான்குதான் என்று ஆசிரியைக்கு அப்போதுதான் புரிந்தது.

எட்டு விரல்களை நீட்டி எழுதச் சொன்னாள். தஸ்லிமா கொக்கிபோல ஏதோ வரைந்தாள். அதுதான் வங்காளத்து எட்டு.

அப்படியானால் பலகையில் நம் எட்டாகத் தெரிவது, அவள் ஊர் நான்கு.

உலகத்தைக் கணக்கு வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று போன வாரப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆசிரியையும் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நாட்டுக்கொடிகளை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். உலகம், வங்காளத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜூன் மாதமே வந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

ஆசிரியை தஸ்லிமாவின் விடைக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு ரைட் போட்டாள்.

"இவ போட்டது சரிதான். இவங்க ஊர்ல நாலை இப்படித்தான் எழுதுவாங்க."

வகுப்பே பலகையை எட்டிப் பார்த்தது.

பிறகு யாராலும் அவர்களை அடக்க முடியவில்லை. ஒருவன் நோட்டில் எழுதிப் பார்த்தான். ஒருத்தி தஸ்லிமாவிடம் ஐந்தைக் கேட்டாள். "எக், துய், தீன், சார்!" ஓடு பறக்கக் கத்தினார்கள்.

"சார்!"

"சார்!"

தலைமையாசிரியர் வாசலில் தலையை நீட்டினார். "என்னையவா கூப்டீங்க?"

நித்திலா ஓடிப்போய் அவரிடம் சாக்பீஸை நீட்டினாள். "ரெண்டும் ரெண்டும் எத்தனைங் சார்?"

சின்னப் பிள்ளை கேட்கிறது என்று, அவரும் சிரித்தபடி பலகையில் 4 என்று எழுதினார்.

அவரை யாரும் பார்க்கவில்லை. வகுப்பு மொத்தமும் தஸ்லிமாவைத்தான் பார்த்தது.

அவள் எழுந்து வந்து அந்த 4-ஐ உற்றுப் பார்த்தாள். அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள்.

கொஞ்சம் யோசித்தாள்.

பெரிய மனசு பண்ணி, அதற்கும் ஒரு ரைட் போட்டாள்.