சூடாகாத அடாப்டர்

"ரெண்டு அடாப்டரும் நாளைக் காலை வரைக்கும் ஓடட்டும். எது கம்மியா கரண்ட் தின்னுதோ, அதைக் கொண்டு வந்தவ கையிலதான் இனிமே ஸ்டோர் சாவி," என்றார் மாமனார்.

மூத்த மருமகளுக்குச் சுருக்கென்றது. இந்தக் குட்டி ரேடியோ பட்டறைக்கு இத்தனை வருஷமாக அடாப்டர் வாங்கிப் போட்டவள் அவள். இளையவளோ நேற்று வந்தவள். வந்ததும் வராததுமாக, ரேடியோவை அணைத்து வைத்தாலும் நம் அடாப்டர் சும்மா சூடாகிறதே என்று மாமனார் காதில் போட்டுவிட்டு, வேறொன்றையும் கொண்டு வந்து நீட்டினாள். அன்றிலிருந்து அவர் வாய்க்கு வாய் சின்ன மருமகள் புராணம்தான். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எங்கெங்கோ விசாரித்து, அவளும் புதிதாக ஒன்றைப் பிடித்து வந்து போட்டிக்கு வைத்தாள்.

எந்த அடாப்டரானாலும் பட்டறையின் கறுப்புக் கூட்டுக்குள் போட்டுத்தான் விற்பார்கள். அதனால் சோதனை மேசையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. எது யாருடையது என்று சொல்ல, மாமனார் ஒட்டிய பெயர்ச் சீட்டு மட்டும்தான்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு மூத்தவள் மெல்லப் போய்த் தொட்டுப் பார்த்தாள். தன் பெயர் ஒட்டியது கொதித்தது. இளையவள் பெயர் ஒட்டியதில் சூடே இல்லை. போச்சு, மானமே போச்சு. நாளையிலிருந்து ஒரு ஸ்க்ரூ வேண்டுமென்றாலும் அவளிடம் போய்க் கை நீட்ட வேண்டுமா? சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்து, இடம் மாற்றி ஒட்டிவிட்டாள்.

காலையில் மீட்டர்களைப் பார்த்த மாமனார், பெரியவளுடையதுதான் கம்மி என்று சொல்லிச் சாவியை அவள் கையில் கொடுத்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திருட்டு வெற்றிதானே என்று மனசுக்குள் கொஞ்சம் உறுத்தியது. இளையவளின் தொங்கிப்போன முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

மத்தியானம் இளையவள் ஸ்டோருக்குள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. மூத்தவளுக்குப் பகீரென்றது. பார்த்துத் தொலைத்துவிட்டாளோ?

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா. நேத்து மத்தியானம் தொட்டுப் பார்த்தேன், உங்களோடதுல சூடே இல்ல. பொறாமை தாங்காம சீட்டை மாத்தி ஒட்டிட்டேன். என்ன மாயமோ தெரியல, கடைசில உங்களோடதே ஜெயிச்சிடுச்சு."